இந்தியா 'குறைந்த அபாய' நாடுதானே, மரச்சிற்பத்துக்கு ஏன் நில விவரம்?

கேள்வி:
கும்பகோணத்திலிருந்து ஜெர்மனிக்கு மரச்சிற்பம் அனுப்புகிறோம். பாதி ஆற்றுப்படுகையில் வளர்ந்த வாகை, பாதி மரவாடியில் வாங்கும் தேக்கு. ஐரோப்பிய ஒன்றியக் காடழிப்புச் சட்டத்தில் இந்தியா குறைந்த அபாயப் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் இறக்குமதியாளர் மரம் வளர்ந்த இடத்தின் ஜிபிஎஸ் எண் கேட்கிறார். கொடுத்துத்தான் ஆகணுமா?

பதில் 1:
ஆகணும். 2025 மே மாத நாட்டுப் பட்டியலால் இறக்குமதியாளருக்கு விலக்கு கிடைப்பது அபாய மதிப்பீட்டிலும் அபாயக் குறைப்பிலும்தான். தகவல் திரட்டுவது அப்படியே இருக்கிறது: மரத்தின் தாவரவியல் பெயர், எடை, வெட்டிய காலம், இடம், சட்டப்படி வெட்டியதற்கான சான்று. நிலம் 4 ஹெக்டேர் வரை என்றால் ஒரு புள்ளி போதும், தாண்டினால் எல்லை முழுவதும். தசமத்துக்குப் பின் 6 இலக்கம் வேண்டும். அடிக்கடி நடக்கும் தவறு, அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறுவது. 10.96, 79.38 என்பதைத் திருப்பிப் போட்டால் புள்ளி ஆர்க்டிக்கில் போய் விழும்.

கெடு தேதி 2020 டிசம்பர் 31: அதற்குப் பிறகு காடழித்த நிலத்து மரம் கூடாது. அதற்கு முந்தைய அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கு) நஞ்சை, தோப்பு என்று இருந்தால் அது விவசாய நிலம் என்று காட்ட உதவும். சிட்டா உரிமையையும் நஞ்சையா புஞ்சையா என்பதையும் சொல்லும்; என்ன விளைந்தது என்பது அடங்கலில்தான். எல்லைக்குப் புலப்படம் (நில அளவை வரைபடம்) வாங்குங்கள். படுகை புறம்போக்காக இருந்தால் அனுமதியில்லாமல் வெட்டிய மரம் சட்டபூர்வம் என்ற படியிலேயே தோற்றுவிடும். அதை முதலில் பாருங்கள்.

பதில் 2:
எனக்குக் கவலை தேக்கு பற்றித்தான். அபாய வகை பார்ப்பது மரம் வளர்ந்த நாட்டுக்கு, செதுக்கிய நாட்டுக்கு அல்ல. மரவாடித் தேக்கு பர்மா தேக்காக இருந்தால் கதையே வேறு: மியான்மர், ரஷ்யா, பெலாரஸ், வட கொரியா நான்கும் உயர் அபாயம். குறைந்த அபாய நாட்டுச் சரக்கில் இறக்குமதியாளர்களில் 100க்கு 1 பேரைச் சோதிப்பார்கள். உயர் அபாயத்தில் 9 பேர். போதாததற்கு மியான்மர் அரசின் மர நிறுவனமான மியன்மா டிம்பர் எண்டர்பிரைஸ் 2021 ஜூன் முதல் ஐரோப்பியத் தடையில் இருக்கிறது. ஒரு கட்டை கலந்தாலும் அந்தச் சரக்குக்குக் குறைந்த அபாயத்துக்கான எளிய நடைமுறை கிடைக்காது. ஆகவே கட்டைக்கட்டையாகப் பெயின்ட் எண் போட்டு, வரவுப் பதிவேட்டையும் வாகைக்கு, உள்நாட்டுத் தேக்குக்கு என்று தனித்தனியாக வையுங்கள். மூலம் தெரியாத தேக்கை ஐரோப்பா ஆர்டருக்குத் தொடவே வேண்டாம்.

பதில் 3:
சிற்பம் சுங்க வகைப்பாட்டில் 4420 தலைப்பில் வருவதால் சட்டத்துக்குள். தஞ்சாவூர் வீணை பலா மரமானாலும் அதே வகைப்பாட்டில் 92ஆம் அத்தியாயம் (இசைக்கருவிகள்), சட்டத்தின் பொருள் பட்டியலில் இல்லை. சரக்கைத் தாங்க மட்டும் போகும் மரப்பெட்டிக்கும் விவரம் தேவையில்லை.