ப்ராக்டரிங்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

குன்னூர், ஆசிரியை. திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரியின் கணக்குப்பதிவியல் சான்றிதழ்ப் படிப்புக்கு இந்த முறை தேர்வு வீட்டிலிருந்தே. வினாத்தாளை மூடில் என்னும் இணையவழிக் கற்றல் தளத்தில் ஏற்றியாயிற்று. அதோடு, தேர்வெழுதுவோரைக் கேமரா வழியே கவனிக்கும் ஒரு ப்ராக்டரிங் மென்பொருளையும் இணைத்தாயிற்று. மாணவர்களில் பாதிப் பேர் எஸ்டேட் பிள்ளைகள், தமிழ்வழியில் பன்னிரண்டு முடித்தவர்கள். அவர்களுக்காக நான்கு பக்க வழிகாட்டி எழுதும் வேலை என் பொறுப்பில் இருக்கிறது. வெள்ளி மாலை அச்சுக்குப் போக வேண்டும். அதற்குள் ப்ராக்டரிங்குக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும்.

மென்பொருளோடு வந்த தமிழ்த் திரையில் ஓரிடத்தில் 'பாதுகாவலர் உங்களைப் பார்க்கிறார்' என்று இருக்கிறது. போன வாரம் ஒத்திகையில் ஒரு மாணவி, "பாதுகாவலர்னா அப்பா பக்கத்துல உக்காரணுமா மிஸ்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. பள்ளிப் படிவம் முழுக்க 'பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்' என்று நிரப்பி வளர்ந்த பிள்ளை. ஆனால் அப்பா வந்து உட்கார்ந்தால், இரண்டாவது முகம் தெரிகிறது என்று அதே மென்பொருள் அவள் பெயரில் புகார் எழுதிவிடும். இன்னோரிடத்தில், ஐயத்துக்குரிய இடத்தைக் குறித்ததற்கு, 'கொடி காட்டப்பட்டது' என்கிறது. பிள்ளைகள் பேருந்தைக் கொடியசைத்துத் தொடங்கிவைப்பதை நினைக்கிறார்கள்!

இது செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் அடையாள அட்டையையும் முகத்தையும் படம் பிடிக்கும். அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லும். பிறகு தேர்வு முடியும்வரை கேமராவும் மைக்கும் ஓடும். முகம் சட்டகத்தை விட்டு விலகினாலோ, வேறு முகம் வந்தாலோ, பேச்சுக்குரல் கேட்டாலோ அந்த நொடியைக் குறித்துவைக்கும். தேர்வு முடிந்தபின் குறித்த இடங்களை மட்டும் நாங்கள் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வோம். தேர்வு நடக்கும்போது நேரலையில் யாரும் பார்ப்பதில்லை. ஆகவே எனக்கு வேண்டியது ஆளின் பெயர் அன்று, செயலின் பெயர். பிள்ளைகள் அதைப் படித்ததும் மிரளவும் கூடாது, ஏமாறவும் கூடாது.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். செவ்வாய் காலை

அம்மா, முதலில் 'ப்ராக்டர்' வேண்டாம். தமிழில் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. பிராக்டர் என்றாவது எழுதுங்கள்.

இதற்குப் புதுச்சொல்லே தேவையில்லை என்பது என் கருத்து. பொதுத்தேர்வுக் கூடத்தில் நமக்கு என்ன பெயர்? அறைக் கண்காணிப்பாளர். அவருக்கு மேலே முதன்மைக் கண்காணிப்பாளர், வெளியிலிருந்து வந்தால் பறக்கும் படை. மூன்றுமே மாணவருக்குத் தெரிந்த பெயர்கள். அறை தொலைவுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். 'தொலைக் கண்காணிப்பு' என்று எழுதி முடியுங்கள்.

கண்காணி என்பது நேற்று முளைத்த சொல்லும் அன்று. திருமந்திரத்தில், 'கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார், கண்காணி இல்லா இடமில்லை காணுங்கால்' என்று திருமூலர் பாடுகிறார். அந்தப் பாட்டு 'கண்காணி கண்டார் களவொழிந் தாரே' என்று முடிகிறது. ஆளில்லாத அறையில் பிட் அடிக்கத் துணிபவனுக்கு இதைவிடப் பொருத்தமாக எவர் சொல்வார்?

தாண்டிக்குடி, காப்பித் தோட்டக்காரர். செவ்வாய் இரவு

ஐயா சொன்னால் மறுக்கத் தயக்கம்தான். ஆனாலும் மூலச்சொல்லைப் பார்க்காமல் அவசரப்படக் கூடாது.

பிராக்டர் என்பது புரொக்யூரேட்டர் என்ற இலத்தீன்வழிச் சொல்லின் தேய்வு. பிறர் பொருட்டுப் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்பவர் என்று பொருள். கண்ணுக்கு அதில் இடமே இல்லை, அக்கறைதான் இருக்கிறது. நம் ஊரில் தேர்வறைக்கு வழங்கும் இன்விஜிலேட்டர் வேறு சொல். அதன் வேர் விழித்திருத்தல். ஒன்று பேணுவது, மற்றது உறங்காதிருப்பது. இரண்டையும் கண்காணிப்பு என்ற ஒரே சாக்கில் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

நாமெல்லாம் குறிஞ்சி நிலத்தார். தினைப்புனம் காத்தவரின் சொல் நமக்கு இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர், மரத்தின்மேல் 'சேணோன் இழைத்த புலியஞ்சு இதணம்' என்கிறார். இதணம் என்பது பரண். அதைக் கட்டியவன் சேணோன், உயரத்தில் இருப்பவன். சேண் என்பதற்கு உயரம், தூரம் என்று இரண்டு பொருளும் உண்டு. தலைவியும் தோழியும் அந்தப் பரணில் ஏறி, தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளை மாறி மாறி ஒலித்துக் கிளி ஓட்டுகிறார்கள். கிளியைக் கொல்வதில்லை. ஒலியெழுப்பி எச்சரிப்பதோடு சரி. இந்த மென்பொருள் செய்வதும் அதுதானே? தூரத்திலிருந்து காக்கிறது, ஐயம் வந்தால் ஒலியெழுப்புகிறது. 'சேண்காவல்' என்றால் இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி கிடைக்கும். தொலை என்ற சொல்லோ பழைய வழக்கில் அழிவையும் தோல்வியையும் சொல்வது. இன்றைக்கும் 'எங்கேயாவது தொலைந்து போ' என்றுதான் திட்டுகிறோம். அதைத் தேர்வெழுதும் குழந்தையின் தலையில் ஏன் வைக்க வேண்டும்?

கொடைக்கானல், மென்பொருள் மொழிபெயர்ப்பவர். புதன் காலை

தாண்டிக்குடி அண்ணா, சேணோன் அழகான சொல். ஆனால் ண்-க்குப் பின் வல்லினம் வந்தால் வேற்றுமையில் ட் ஆகும் என்பது நன்னூல் விதி. மண் + குடம் மட்குடம் ஆவதுபோல் இது 'சேட்காவல்' ஆகிவிடும். பழைய நூல்களிலும் சேட்படை என்றுதான் வருகிறது. எங்கள் ஊரில் சேட்காவல் என்று எழுதினால், அடகு பிடிக்கும் சேட்டுக் கடைக்கு வாட்ச்மேன் வேலையா என்று கேட்பார்கள்.

தொலை என்றதும் யாரும் இன்று அழிவை நினைப்பதில்லை. தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைநிலைக் கல்வி எல்லாம் வந்து ஒரு தலைமுறைக்கு மேலாகிறது. எனக்கு இருக்கிற கவலை வேறு. கண்காணிப்பு, காவல், பேணல் எல்லாமே நல்ல சொற்களாக இருக்கின்றன. ஒருவர் வீட்டுக்குள் கேமராவை விட்டு, படுக்கையையும் சாமி மாடத்தையும் சுற்றிக் காட்டச் சொல்வதற்கு இவ்வளவு நல்ல பெயர் தேவையா? அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு மாணவர் வழக்குத் தொடுத்தார். தேர்வுக்கு முன் அறையைப் படம்பிடித்துக் காட்டச் சொன்னது அரசியலமைப்புக்கு மாறான சோதனை என்று அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. நான் நேராகவே சொல்கிறேன்: இது ஒற்று, அதாவது வேவு. 'தேர்வு ஒற்று' என்று எழுதிப் பாருங்கள், கல்லூரியே அந்த வசதியை அணைத்துவிடும்.

தாண்டிக்குடி. புதன் காலை

தம்பி, விதி சரி. ஆனால் ஐயா விரும்பும் கண்காணிப்பு எப்படி வந்தது? கண்ணால் காணுதல். அதுவும் வேற்றுமைதான். கண் + புலன் கட்புலன் ஆயிற்று, கண் + காணி ஏன் கட்காணி ஆகவில்லை? விண்கலம் ஏன் விட்கலம் ஆகவில்லை? வழக்கு விதியைத் தாண்டும் என்பதற்கு ஐயாவின் சொல்லே சாட்சி. சேண்காவல் நிற்கும்.

கோத்தகிரி. புதன் மாலை

கட்காணி நல்ல பிடி. ஒப்புக்கொள்கிறேன். கண்ணும் காணியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்று வழக்கு விரும்பியிருக்கிறது. வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்று தொல்காப்பியர் சொன்னதை வைத்து அமைகிறேன்.

ஒற்று மட்டும் கூடாது. ஒற்றன் என்பவன் தான் ஒற்றன் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. இந்த மென்பொருளோ கேமரா ஓடுவதை மாணவருக்குச் சொல்லிவிட்டுத்தான் ஓட்டுகிறது. திருக்குறளில் 59-ஆம் அதிகாரம் ஒற்றாடல். அதற்கு முந்தைய 58 கண்ணோட்டம், அதாவது இரக்கம். குறித்த இடங்களை ஓட்டிப் பார்க்கப் போகும் ஆசிரியர்கள் அந்த அதிகாரத்தைப் படித்துவிட்டு உட்காரட்டும்.

கூடலூர், கணினிக்கூடப் பயிற்றுநர். புதன் நள்ளிரவு

வணக்கம். நான் அதிகம் எழுதுவதில்லை. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் வேலைச் செய்தி. குன்னூர் மேடம் சேஃப் எக்ஸாம் பிரௌசரையும் சேர்த்தே போட்டிருப்பதாகத் தனிமடலில் சொன்னார். சூரிக்கிலுள்ள பல்கலைக்கழகத்தில் உருவான, திறந்த மூல மென்பொருள் அது. மூடிலின் தேர்வு அமைப்பிலேயே அதைக் கட்டாயமாக்க இடமிருக்கிறது. ஆனால் அது பூட்டுகிற வேலையை மட்டும் செய்யும். வேறு பக்கம், வேறு செயலி எதையும் திறக்க விடாது. வெளியேறக் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கலாம். முகத்தை ஆராய்வது அதன் வேலை இல்லை. வழிகாட்டியில் பூட்டையும் பார்வையையும் ஒரே பெயரில் எழுதிவிடாதீர்கள். பூட்டுவதற்கு 'பூட்டு உலாவி' போதும். இன்னொன்று, அது ஆண்ட்ராய்டு போனில் ஓடாது. போன் மட்டும் வைத்திருக்கும் பிள்ளைகளை அன்றைக்கு எங்கள் கூடத்துக்கு அனுப்புங்கள். கரண்டு போனாலும் யூபிஎஸ் தாங்கும்.

இனி சொல். எங்கள் குடும்பம் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியது. 1964-இல் இரு நாட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள், பாட்டி மூட்டையைக் கட்டினார். கண்காணி தேயிலைக் காட்டில் கங்காணி ஆனது உங்களுக்குத் தெரியும். ஊரில் ஆள் பிடித்துப் போனவர் கங்காணி. விடியற்காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டவர் கங்காணி. வாங்காத கடனையும் துண்டு என்னும் கடன்சீட்டில் ஏற்றியவர் கங்காணி. அந்தத் துண்டு முறையை 1921-இல் சட்டம் போட்டு ஒழித்தும் சொல் சாகவில்லை. என் பாட்டி கடைசிவரை, முதுகுக்குப் பின்னால் யாராவது நின்றால், "என்னடா கங்காணி மாதிரி நிக்கிற" என்பார். திருமூலரின் கண்காணி இறைவன். என் பாட்டியின் கண்காணி பிரம்பு வைத்திருந்தவர். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாமவரைத்தான் தெரியும்.

இலங்கையில் பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளருக்குக் கீழே இருப்பவரை 'நோக்குநர்' என்பார்கள். நோக்கு என்றால் பார்வையும் உண்டு, கருத்தாகக் காப்பதும் உண்டு. 'தேர்வு நோக்கல்' என்று வைக்கலாமே.

கோத்தகிரி. வியாழன் காலை

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டு பாடம் நடத்தியும் இந்தக் கோணத்தை நான் யோசித்ததில்லை. அது என் குறை.

நோக்குநர் என்று 'ந' போட்டு எழுதியதற்குத் தனி நன்றி. நோக்கு + நர். ஓட்டுநர், இயக்குநர், அனுப்புநர், பெறுநர் எல்லாம் அப்படித்தான். உறுப்பினர் என்பது உறுப்பு + இன் + அர், அங்கே றன்னகரம் ('ன') வரும். பேருந்திலேயே ஓட்டுனர் என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. ஆனால் 'நோக்கல்' என்றால் தேர்வின் நோக்கம் என்று தமிழ்நாட்டுப் பிள்ளை படிக்குமோ என்று அஞ்சுகிறேன். நோக்கம், குறிக்கோள் என்று பாடத்தில் தினமும் எழுதுகிறார்கள்.

கொடைக்கானல். வியாழன் மதியம்

ஒற்றைத் திரும்பப் பெறுகிறேன். கூடலூர் நண்பர் சொன்ன பூட்டு, பார்வை என்ற பிரிப்பு என் மொழிபெயர்ப்புக் கோப்பிலும் இன்றே ஏறுகிறது. 'தேர்வுப் பார்வை' என்றே வைக்கலாமா?

தாண்டிக்குடி. வியாழன் மதியம்

பார்வையா? தேர்வுக்கு முந்தின நாள் புத்தகத்தை மேலோட்டமாகப் பார்ப்பதல்லவா அது? சேண்காவல் ஏன் கூடாது என்பதற்கு இன்னும் எவரும் சரியான காரணம் சொல்லவில்லை.

குன்னூர், ஆசிரியை. வெள்ளி காலை

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை கடைசி வகுப்பில் ஐந்து சொற்களையும் பலகையில் எழுதி, என்ன புரிகிறது என்று கேட்டேன். சேண்காவலுக்கு வகுப்பு அமைதியாக இருந்தது. பொருளைச் சொன்னதும் பின்வரிசையில் ஒருவன் அதைக் குறித்துக்கொண்டான் (தாண்டிக்குடி அண்ணன் மகிழ்வார்). நோக்கலை, ஐயா அஞ்சியபடியே, நோக்கம் என்று படித்தார்கள். தேர்வுப் பார்வையைப் பார்வைத்திறன் சோதனை என்றார்கள். கண்காணிப்பை எல்லோரும் உடனே சொன்னார்கள்: "ஹால்ல சூப்பர்வைசர் பாக்குற மாதிரி." தொலைக் கண்காணிப்பும் புரிந்தது. சிசிடிவி கடைகடையாகத் தொங்குவதும் காரணமாக இருக்கலாம். கங்காணி என்றால் யார் என்று கேட்டேன். மூன்று பேர் கை தூக்கினார்கள். மூவரும் எஸ்டேட் பிள்ளைகள்.

அந்த மூன்று கைகளைப் பார்த்தபின் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. ஆனாலும் இன்று மாலை அச்சு. ஆகவே தலைப்பில் 'தொலைக் கண்காணிப்பு' என்று போட்டு, 'கண்காணிப்பாளர்' என்ற சொல்லை நான்கு பக்கத்திலும் எடுத்துவிட்டேன். முதல் பத்தி இப்படிப் போகிறது: 'தேர்வு நேரம் முழுவதும் உங்கள் கேமராவும் மைக்கும் ஓடும். அந்த நேரத்தில் எவரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. மென்பொருள் ஐயக்குறி இட்ட இடங்களை மட்டும் பிறகு உங்கள் ஆசிரியர்கள் பார்ப்பார்கள். ஐயக்குறி விழுந்தாலே தவறு செய்தீர்கள் என்று ஆகாது. தம்பி தங்கை அறைக்குள் வந்துவிட்டால் எழுந்து ஓடாதீர்கள், தொடர்ந்து எழுதுங்கள். தேர்வு முடிந்ததும் காரணத்தை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.' கொடிக்குப் பதில் ஐயக்குறி, என் துணிவில் வைத்தது. அறையைச் சுற்றிக் காட்டும் வசதியை அணைத்துவிடத் துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

கூடலூர். வெள்ளி மதியம்

மேடம், பத்தி நன்றாக இருக்கிறது. ஐயக்குறியை எங்கள் கூடத்துப் பிள்ளைகள் இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

தலைப்பை ஏற்க என்னால் முடியவில்லை. பெரும்பான்மை என்பதால் அச்சைத் தடுக்கச் சொல்ல மாட்டேன். எங்கள் கூடத்துக் கதவில் ஒட்டும் தாளில் மட்டும் 'தேர்வு நோக்கல்' என்றே எழுதுகிறேன். யாராவது நோக்கம் என்று படித்தால் வாசலில் நின்று நானே விளக்குகிறேன். போன் மட்டும் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையை இன்று மாலைக்குள் அனுப்புங்கள். பன்னிரண்டு கணினிதான் இருக்கிறது, அதற்கு மேல் என்றால் இரண்டு வேளையாகப் பிரிக்க வேண்டும்.