ஐந்து ஏரிப் பாதையும் மஞ்சள் பலகை சொன்ன நேரமும்

பேர்னிலிருந்து:

வணக்கம். ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஆல்ப்ஸ் ஏரிப் பாதைகளைப் பற்றி இங்கே பலர் கேட்டிருந்தீர்கள். சென்ற ஆகஸ்டில் என் மாமியையும் பத்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு சுவிட்சர்லாந்தின் மலையூரான செர்மட்டின் ஐந்து ஏரிப் பாதைக்குப் போயிருந்தேன். மாமிக்கு 64 வயது. தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர். ஏறத்தாழ 10 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், நடுத்தரக் கடினம் என்று படித்ததை நம்பி, காலை உணவை ஆறுதலாக முடித்துக்கொண்டுதான் தொடருந்து ஏறினோம். நான் செய்த முதற்பிழை அதுவே.

விஸ்ப் நிலையத்தில் தொடருந்து மாறி, 1,608 மீட்டர் உயரத்திலுள்ள செர்மட்டை அடைந்து, மலையைக் குடைந்து செல்லும் தொடருந்தில் சுன்னெகாவுக்கும் அங்கிருந்து தொங்கூர்தியில், பாதை தொடங்கும் பிளவ்ஹெர்டுக்கும் ஏறினோம். பிளவ்ஹெர்டின் உயரம் 2,571 மீட்டர். அரை மணி நேரத்துக்குள் ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஏறிவிட்டதால் மாமிக்குத் தலை லேசாகச் சுற்றியது. தண்ணீர் குடித்து, இருபது நிமிடம் உட்கார்ந்த பிறகே எழுந்தார். அந்த இருபது நிமிடத்தைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவதான ஸ்டெல்லிசே ஏரியை எட்டியபோது பதினொன்றரை மணி கடந்திருந்தது. 4,478 மீட்டர் உயர மாட்டர்ஹோர்ன் சிகரம் நீரில் தலைகீழாகத் தெரியும் காட்சிக்காகவே எல்லோரும் அங்கே போகிறார்கள். ஆனால் வெயில் ஏறியதும் காற்று எழுந்து நீரைக் கலைத்துவிடுகிறது. மகள் விடவில்லை, கரையோரம் இரண்டு பாறைகளுக்கு நடுவே காற்றுப் படாமல் கிடந்த சிறு நீர்ப்பரப்பைக் கண்டுபிடித்து எங்களை அழைத்தாள். உள்ளங்கை அகலத் தண்ணீரில் சிகரத்தின் நுனி மட்டும் அசையாமல் நின்றது. மாமி குனிந்து நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லார்ச் என்னும் ஊசியிலை மரங்கள் சூழ்ந்த கிரிண்ட்ஜிசேயும் கற்பரப்பின் நடுவே கிடக்கும் குரூன்சேயும் இதமாகவே கழிந்தன. அதன்பின் மோஸ்ஜிசே வரையான இறக்கத்தில்தான் மாமியின் முழங்கால்கள் நோகத் தொடங்கின. பனியாறு அரைத்த பாறைத்துகள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் அந்த ஏரி பச்சை கலந்த நீலமாக மின்னுகிறது. ஆனால் எங்கள் கண்களெல்லாம் எதிரே தெரிந்த ஏற்றத்தில்தான் இருந்தன. கடைசி ஏரியான லைசே மேலே இருக்கிறது. ஆக, கால்கள் களைத்த பிறகு, நிழலில்லாத பிற்பகல் வெயிலில், ஏற வேண்டியிருக்கிறது. பாதையின் மொத்த ஏற்றம் சிறியதுதான். அது எந்த நேரத்தில் வருகிறது என்பதை நான் பார்க்கத் தவறிவிட்டேன்.

அங்கே தனியாக வந்த ஒரு முதிய சுவிஸ் பெண்மணி மாமியின் நடையைக் கவனித்து, தம் இரண்டு ஊன்றுகோல்களில் ஒன்றை எடுத்து நீட்டினார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஐம்பது காலடி நடப்பதும், நின்று மூச்சு வாங்குவதும், மீண்டும் ஐம்பது காலடி நடப்பதுமாக அவர் விரலால் எண்ணிக் காட்டியபடியே லைசே வரை எங்களுடன் வந்தார். பாதை முடியும் சுன்னெகாவை அடைந்தபோது கடைசித் தொடருந்துக்குப் பத்து நிமிடமே இருந்தது. எங்களுக்கு எடுத்தது ஐந்தரை மணி நேரம். பாதையோர மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் எழுதியிருப்பது ஓய்வைச் சேர்க்காத நடை நேரம் என்பதைத் தயவுசெய்து மறவாதீர்கள்; உங்கள் குழுவில் மிக மெதுவாக நடப்பவரைக் கொண்டே கணக்கிடுங்கள்.

சூரிச்சிலிருந்து:

அக்கா எழுதியதுடன் வானிலையையும் சேர்க்க விரும்புகிறேன். கிரிண்டெல்வால்ட் மலையூரில் பிர்ஸ்ட் தொங்கூர்தி நிலையத்திலிருந்து பாக்ஆல்ப்சே ஏரிக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான, எளிதான நடைதான். அந்த எளிமையை நம்பி ஒரு ஜூலை நாளில் மதிய உணவுக்குப் பின் கிளம்பினோம். வெயிலில் சூடேறிய ஈரக்காற்று சரிவுகளில் மேலெழும்பிப் பிற்பகலில் இடிமேகமாகத் திரள்வது கோடையில் வழக்கம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே ஆறு விநாடிதான் எண்ண முடிந்தது, அதாவது இரண்டு கிலோமீட்டர். ஒதுங்க ஒரு மரமும் இல்லாத வெட்டவெளி அது. மரம் இருந்தாலும் அதனடியில் நிற்கக் கூடாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு விரைந்தால், இடியின் காரணமாகத் தொங்கூர்தியை நிறுத்தியிருந்தார்கள். நனைந்த உடையுடன் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். இப்போதெல்லாம் முதல் தொங்கூர்தியிலேயே ஏறி, நண்பகலுக்குள் ஏரியை விட்டுக் கிளம்பிவிடுகிறோம். ஜூலையானாலும் ஒரு கம்பளிச் சட்டையும் மழை அங்கியும் பையில் இருக்கும். மலை மீட்புக்கான 1414 என்ற எண்ணையும் கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கிறேன்.

லவுசானிலிருந்து:

என் அனுபவம் சிறியது. மேய்ச்சல் நிலத்தில் கன்றுடன் நின்ற பசு ஒன்று தலையைத் தாழ்த்தி எங்களை நோக்கி வந்தது. நாங்கள் அறியாமலே தாய்க்கும் கன்றுக்கும் நடுவே புகுந்திருந்தோம். ஓடாமல், முதுகைக் காட்டாமல், மெல்லப் பின்வாங்கித் தப்பினோம். பாதையை விட்டு விலகியாவது சுற்றிப் போங்கள்.

பேர்னிலிருந்து:

இருவருக்கும் நன்றி. செப்டம்பரில் மீண்டும் போகிறோம். இம்முறை முந்தைய இரவே செர்மட்டில் தங்கி, காற்று எழுமுன் ஸ்டெல்லிசேயைப் பார்த்துவிட்டு, தொங்கூர்தியில் சுன்னெகாவுக்கு இறங்கி, அருகிலுள்ள லைசேயுடன் நிறுத்திக்கொள்வதாகத் திட்டம். மாமி இப்போதே சொந்தமாக இரண்டு ஊன்றுகோல்கள் வாங்கிவிட்டார்.