எம்டிஎஸ் ஃபைலை எம்பி4 ஆக்கினா ஓடுற ஆள் ஓரத்துல சீப்புப் பல் மாதிரி கோடு. பிட்ரேட் ஏத்தியும் போகல

பழையகேம்கார்டர்:
ஏவிசிஎச்டி (கேம்கார்டர்கள் வீடியோ பதியற ஒரு முறை) கேம்கார்டர்ல எடுத்த 60 சொச்சம் எம்டிஎஸ் ஃபைல் இருக்கு. பென்டிரைவ்ல போட்டா டிவி அந்த ஃபைல்களைக் காட்டவே மாட்டேங்குது. அதனால ஒரு இலவச கன்வெர்ட்டர்ல “720 ஹை குவாலிட்டி”ன்னு இருந்த ப்ரீசெட்டைப் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலைல பார்த்தா முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி, இருட்டுச் சுவர் கட்டம் கட்டமா, ஓடுற குழந்தையோட ஓரம் பூரா பிசிறுக் கோடு. பிட்ரேட்டை (ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகிற டேட்டா) 3 எம்பிபிஎஸ்ல (நொடிக்கு 3 மெகாபிட்) இருந்து 8, அப்புறம் 20ன்னு ஏத்தினேன். முகமும் சுவரும் தேறிடுச்சு, கோடு மட்டும் அப்படியே நிக்குது. இன்னும் ஏத்தணுமா?

ஃப்ரேம்எண்ணுபவன்:
ஏத்தாதீங்க. 20ல போகாத கோடு 200லயும் போகாது, அது வேற நோய். மீடியாஇன்ஃபோங்கிற மென்பொருள்ல ஒரிஜினலைத் திறந்து கோடெக் (படத்தைச் சுருக்கின முறை), அளவு, ஸ்கேன் டைப், ஆடியோ நாலையும் இங்க போடுங்க.

பழையகேம்கார்டர்:
எச்.264, 1920க்கு 1080, 25 ஃப்ரேம், ஸ்கேன் டைப் இன்டர்லேஸ்டு, 17 எம்பிபிஎஸ். ஆடியோ ஏசி3.

ஃப்ரேம்எண்ணுபவன்:
நினைச்சதுதான். இன்டர்லேஸ்டுன்னா உங்க ஒவ்வொரு ஃப்ரேம்லயும் ரெண்டு கணம் பின்னிக் கிடக்கு. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணம், இரட்டைப்படை வரிகள் நொடியில 50ல ஒரு பங்கு தள்ளி எடுத்தது. அசையாத பொருள்ல ரெண்டும் பொருந்திப் போயிடும். ஓடுற குழந்தை அதுக்குள்ள நகர்ந்திருக்கும், அதான் சீப்புப் பல்.

இதை டீஇன்டர்லேஸ் பண்ணாம, அதாவது அந்த ரெண்டு கணத்தையும் பிரிக்காம, 1080ல இருந்து 720க்குச் சுருக்கினா மூணு வரி ரெண்டு வரியாக் குழையுது. எது எந்தக் கணத்தோட வரின்னு இனி எந்த மென்பொருளாலயும் பிரிக்க முடியாது. உங்க 720 ஃபைல்கள்ல நடந்தது இதுதான். அதை வச்சுக்கிட்டு மேற்கொண்டு எதுவும் பண்ணாதீங்க, ஒரிஜினல்ல இருந்து மறுபடி ஆரம்பிங்க.

ஆனா முதல்ல ஒரு கேள்வி: கன்வெர்ட் பண்ணியே ஆகணுமா? எம்டிஎஸ், எம்பி4 ரெண்டும் படத்தையும் சத்தத்தையும் போட்டு வைக்கிற வெறும் டப்பா. உள்ள இருக்கிற எச்.264 படத்தை உங்க டிவி எம்பி4 டப்பாவுல எடுத்துக்கும், அந்த எம்டிஎஸ் டப்பாதான் அதுக்குப் பிடிக்கல. எஃப்எஃப்எம்பெக்ங்கிற மென்பொருள்ல கோடெக் இடத்துல “காபி”ன்னு கொடுத்து ஒரு ஃபைலை எம்பி4 ஆக்கிப் பாருங்க. படத்தை அது தொடவே தொடாது, அதனால தரம் குறைய வழியே இல்ல. டிவி தானே டீஇன்டர்லேஸ் பண்ணிக்கும். ஹேண்ட்பிரேக்ங்கிற கன்வெர்ட்டர்ல இதைத் தேடாதீங்க, அது படத்தை எப்பவும் புதுசாத்தான் என்கோடு பண்ணும், அதாவது மறுபடி சுருக்கும்.

எச்265ரசிகன்:
எல்லாத்தையும் எச்.265 (எச்.264க்கு அடுத்த தலைமுறை கோடெக்) ஆக்கிட்டு ஒரிஜினலை அழிச்சிடுங்க, பாதி இடம் மிச்சம். நான் அப்படித்தான் பண்ணினேன்.

ஃப்ரேம்எண்ணுபவன்:
கேமரால இருந்து நேரா வந்திருந்தா எச்.265 நல்லதுதான். இங்க கேமராவே ஒருதடவை கசக்கின படம். அந்தக் கசங்கலையும் சேர்த்து நகல் எடுக்க என்கோடர் பிட் செலவு பண்ணும், தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் கசக்கும். ஒரு மணி நேரம் ஏழரை ஜிபிதானே? ஹார்ட் டிஸ்க் வாங்கிடலாம், குழந்தையைத் திரும்ப ஓடவிட்டு எடுக்க முடியாது.

பழையகேம்கார்டர்:
யப்பா! ராத்திரி முழுக்க ஓடினது இப்ப ஃபைலுக்குச் சில நொடிதான். டிவியில கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா ரெண்டு சிக்கல். சத்தம் வரல. அப்புறம் நீளமான நிகழ்ச்சி மூணு ஃபைலா இருக்கு, ஒட்டுற இடத்துல லேசா வெட்டுது.

டப்பாமாத்தி:
சத்தத்துக்கு: டிவி ஏசி3ஐ எடுத்துக்கல. வீடியோவுக்கு “காபி”, ஆடியோவுக்கு மட்டும் ஏஏசி (இன்னொரு ஆடியோ கோடெக்), 256 கேபிபிஎஸ். படம் அப்பவும் அப்படியேதான் இருக்கும்.

வெட்டுக்கு: கேமரா ஃபைல் ஒரு அளவைத் தொட்டதும் அடுத்த ஃபைலைத் திறந்துடும், சிலது 2 ஜிபில, சிலது 4ல. தனித்தனியா எம்பி4 ஆக்கி அப்புறம் ஒட்டினா மூட்டு தெரியும். எம்டிஎஸ்ஸாவே இருக்கும்போது வரிசை மாறாம பைனரி காபில (உள்ள எதையும் மாத்தாம ஃபைல்களை அடுத்தடுத்து ஒட்டற முறை) ஒண்ணா ஒட்டிட்டு, பிறகு டப்பா மாத்துங்க. ஒட்டினது 4 ஜிபி தாண்டினா ஃபேட்32ன்னு ஃபார்மேட் பண்ணின பென்டிரைவ்ல ஏறாது. உங்க 17 எம்பிபிஎஸ்ல அரை மணி நேரம் தாண்டினாலே அந்தக் கதை. எக்ஸ்ஃபேட் ஃபார்மேட் உங்க டிவிக்குத் தெரியுமான்னு பார்த்துக்கோங்க.

பழையகேம்கார்டர்:
ரெண்டும் சரியாச்சு, நன்றிங்க. தங்கச்சிக்கு மொபைல்ல அனுப்பச் சின்னதா ஒண்ணு வேணும். அதுக்கு என்கோடு பண்ணித்தானே ஆகணும்?

ஃப்ரேம்எண்ணுபவன்:
ஆமா, அதுக்கு ஹேண்ட்பிரேக் போதும். டீஇன்டர்லேஸ்ல பிடபிள்யூடிஃப்ங்கிற ஃபில்டர், அதுல “பாப்”ங்கிற ப்ரீசெட், ஃப்ரேம் ரேட் 50. ரெண்டு கணமும் தனித்தனி ஃப்ரேமா வரும், ஓட்டம் வழுக்கிக்கிட்டுப் போகும். 25 போட்டா அசைவுல பாதியைத் தூக்கி எறியறீங்க. அளவை 720க்குச் சுருக்கறது இதுக்கு அப்புறம்தான், ஹேண்ட்பிரேக் அந்த வரிசையிலதான் செய்யும்.

பிட்ரேட் எண்ணை மறந்துட்டு எக்ஸ்264ல (எச்.264 என்கோடர்) சிஆர்எஃப் (தரத்தைக் குறிக்கிற எண்) 20, ப்ரீசெட் “ஸ்லோ”. எண் குறைஞ்சா தரம் கூடும், 6 குறைச்சா ஃபைல் ஏறக்குறைய ரெட்டிப்பு. இருட்டுச் சுவர்ல கட்டம் தெரிஞ்சா 18. கிராபிக்ஸ் கார்டு என்கோடர் வேகமா முடிக்கும், ஆனா அதே அளவு ஃபைல்ல எக்ஸ்264 “ஸ்லோ” தர்ற தெளிவு பொதுவா வராது. முழுசா விடறதுக்கு முன்னாடி, நிறைய அசைவு இருக்கிற ஒரு நிமிஷத்தை மட்டும் ஓட்டிப் பாருங்க.

பழையகேம்கார்டர்:
ஒண்ணு சொல்ல வெட்கமா இருக்கு. முதல் ராத்திரி 720 ஆனதும் ஆறு ஒரிஜினலைக் கார்டுல இருந்து அழிச்சிட்டேன்.

டப்பாமாத்தி:
அந்தக் கார்டுல அப்புறம் ஏதாவது எடுத்தீங்களா?

பழையகேம்கார்டர்:
இல்ல, மேசை டிராயர்லதான் கிடக்கு.

டப்பாமாத்தி:
அப்ப அங்கேயே இருக்கட்டும், கேமராவுல போடாதீங்க. கார்டு ரீடர்ல போட்டு ஃபோட்டோரெக்ங்கிற மீட்பு மென்பொருளை ஓட்டுங்க. மீட்கிறதைக் கம்ப்யூட்டர்லதான் சேமிக்கணும், கார்டுலயே இல்ல.

பழையகேம்கார்டர்:
அஞ்சு வந்துடுச்சு. ஆறாவது பாதியிலேயே நிக்குது, மீதிக்கு அந்தப் பிசிறு எம்பி4தான்.