லீவு மார்கழியில், கல்யாணம் தையில்: ஷார்ஜாவுக்கு வாத்தியார் வேலைக்கு வந்திருக்கும் நம்மூர் ஜோடிகளுக்கு

கோபி, அந்தியூர், காங்கேயம், தாராபுரம் பக்கமிருந்து இந்த வருடம் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகள் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போகலாமா, இங்கேயே இருந்துவிடலாமா? தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பிறந்த ஊர் கோபி பக்கம், வீட்டுக்காரருக்குக் காங்கேயம் பக்கம். நான் கணக்கு, அவர் இயற்பியல். ஷார்ஜாவில் ஏழு டிசம்பர் பார்த்துவிட்டோம். நாலு தடவை ஊருக்குப் போனோம், மூன்று தடவை இங்கேயே இருந்தோம்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். பள்ளியில் கொடுத்த நாள்காட்டியையும் ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரி காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே குளிர்கால லீவு டிசம்பரில் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தோடு முடியும். வருடத்துக்கு வருடம் சில நாள் முன்பின் இருக்கும். அதில் பெரும்பங்கு மார்கழி. கோடை லீவு ஜூலை, ஆகஸ்ட். அதன் நடுவில் ஆடி முழுசாக உட்கார்ந்திருக்கும். நம் பக்கம் மார்கழியிலும் ஆடியிலும் யாரும் முகூர்த்தம் வைப்பதில்லை. தை பிறந்ததும் மண்டபம் கிடைக்காத அளவுக்குக் கல்யாணம் நடக்கும். நாம் அப்போது வகுப்பில் இருப்போம்.

நாங்கள் வந்த பிறகு நெருங்கின சொந்தத்தில் மட்டும் பதினொரு கல்யாணம். போக முடிந்தது இரண்டுக்குத்தான். இரண்டும் ஆவணி பிறந்தவுடன் வைத்தது, பள்ளி திறக்க நாலைந்து நாள் இருந்தது. மற்ற ஒன்பதையும் போனில்தான் பார்த்தேன். என் சித்தப்பா மகள் கல்யாணத்தில், சடங்கு நடத்திவைக்கும் அருமைக்காரர் சீர் செய்துகொண்டிருக்கும்போது நான் பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல் நடத்திக்கொண்டிருந்தேன். அந்த மணி அடிக்கும்வரை எனக்குக் கரும்பலகையில் என்ன எழுதினேன் என்றே தெரியவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், விசேஷத்தை மனதில் வைத்து டிக்கெட் போட்டால் வருத்தம்தான் மிஞ்சும். நம் தொழிலில் லீவு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. பாடம் நடக்கும் நாளில் பத்து நாள் லீவு கேட்டால் எந்தப் பள்ளியிலும் லேசில் தரமாட்டார்கள். இந்த நாட்டுத் தொழிலாளர் சட்டப்படி கணவனோ மனைவியோ தவறினால் 5 நாள், தாய் தகப்பன், பிள்ளை, உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி தவறினால் 3 நாள் சம்பளத்தோடு உண்டு. இதைத் தெரிந்து வைத்திருங்கள். சித்தப்பா, மாமா, அத்தை எல்லாம் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

எனக்கு ரொம்ப நாள் ஆறாமல் இருந்தது கோபி பக்கத்துப் பாரியூர் கோயில் நோம்பிதான் (திருவிழாவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). கொண்டத்துக் காளியம்மனுக்குப் பூச்சாட்டு, அதாவது நோம்பித் தொடக்கம், டிசம்பர் கடைசியில் வரும்; குண்டம், அதாவது தீமிதி, ஜனவரி இரண்டாம் வாரம் வரும். 2025இல் ஜனவரி 9, வியாழக்கிழமை. பூச்சாட்டுக்கு இருந்துவிட்டு, குண்டத்துக்கு முன்னால் விமானம் ஏறிவிட வேண்டும். அம்மா வருடா வருடம் குண்டம் இறங்குவார்கள். ஏழு வருடமாக நான் அதைப் பார்த்ததில்லை. பூச்சாட்டு அன்று ராத்திரி அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததே போதும் என்று மனதைத் தேற்றிக்கொள்ள மூன்று வருடம் ஆயிற்று.

சரி, போவதா இருப்பதா? என் பதில் இது: முதல் வருடம் டிசம்பரில் போகாதீர்கள். முதல் காரணம் காசு. இப்போதுதான் வீட்டு வாடகைக்குச் செக் எழுதிக் கொடுத்திருப்பீர்கள், அட்வான்ஸ் கட்டியிருப்பீர்கள், கட்டில் மெத்தை வாங்கியிருப்பீர்கள். அந்த மாதம் எல்லாப் பள்ளியும் ஒன்றாக மூடுவதால் டிக்கெட் விலை ஏறிக்கிடக்கும். பல பள்ளிகள் வருடத்துக்கு ஒரு டிக்கெட் தருவது கோடை லீவுக்குத்தான். அதைப் பணமாக வாங்கிக்கொள்ளலாமா, கணவன் மனைவி ஒரே பள்ளியில் இருந்தால் இரண்டு பேருக்கும் தனித்தனியாக உண்டா என்று ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். கையெழுத்துப் போட்டபோது நாங்கள் படிக்கவில்லை. இரண்டாவது வருடம்தான் ஒரு டிக்கெட்தான் உண்டு என்று தெரிந்தது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வந்து எட்டு மாதத்தில் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால், ஜனவரியில் இந்த ஊர் மறுபடியும் முதல் நாள் மாதிரியே இருக்கும். ஒரு லீவையாவது இங்கேயே கழித்தவர்களுக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரர் பேர் தெரியும்.

இரண்டாம் வருடத்திலிருந்து போங்கள். போகும்போது ஆட்களுக்காகப் போங்கள். மார்கழியில் விசேஷம் இல்லாததால் ஊரில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், காட்டில் இருப்பார்கள். பனி இருக்கும், வாசலில் கோலமும் பூசணிப்பூவும் இருக்கும். உட்கார்ந்து பேச அதைவிட நல்ல மாதம் கிடையாது. அப்பா அம்மாவைக் கோயமுத்தூர் கூட்டிப்போய் உடம்பு பார்ப்பது, பாங்கு வேலை, பட்டா வேலை எல்லாம் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் பிரிக்கும் விஷயம்தான் முக்கியம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் தடவை போனபோது இருபது நாள் இருந்தோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் பதினாறு வீட்டில் காப்பி குடித்திருக்கிறோம். பங்காளி வீடு, அவருடைய அத்தை வீடு, என் பெரியம்மா வீடு, கூடப் படித்தவர் வீடு. "வந்துட்டு எட்டிக்கூடப் பாக்கலைன்னு சொல்லுவாங்க" என்ற ஒரே பயம். என் அம்மா வீட்டில் தங்கினது மூன்று ராத்திரி. கிளம்பும் அன்று அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நின்று, "அடுத்த தடவ வாறப்ப கொஞ்சம் சேர்ந்தாப்புல இரு கண்ணு" என்றார்கள். அவிநாசி வரும்வரை காரில் நான் அழுதுகொண்டே வந்தேன். வீட்டுக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தி, தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, அங்கேயே ஒரு பேச்சு முடித்தார். இனிமேல் இரண்டு வீட்டுக்கும் சரிபாதி ராத்திரி. நடுவில் இரண்டே நாள்தான் சொந்தக்காரர் வீட்டுக்கு. மற்றவர்கள் நம்மைப் பார்க்க வரட்டும்.

இதை அவர்தான் தன் அம்மாவிடம் சொன்னார். தம்பிகளே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மருமகள் சொன்னால் அது மனத்தாங்கல் ஆகும், மகன் சொன்னால் ஏற்பாடு ஆகும். என் மாமியார் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். அப்புறம் அவரே என் அம்மாவுக்குப் போன் போட்டு, "சம்பந்தி, புள்ளைங்க வந்தா நீங்களும் இங்க வந்துருங்க, நாலு நாள் சேர்ந்து இருப்போம்" என்றார். இப்போது அப்படித்தான் நடக்கிறது.

போகிற வழி: ஷார்ஜாவிலிருந்து கோயமுத்தூருக்கு நேர் விமானம் இருக்கிறது. அபுதாபியிலிருந்தும் 2024 ஆகஸ்டில் தொடங்கினார்கள். அதில் இடம் இல்லையென்றால் கொச்சி போய், பாலக்காடு வழியாகக் காரில் வரலாம். தேதி தெரிந்தவுடன் டிக்கெட் எடுத்துவிடுங்கள், தீபாவளி கழியட்டும் என்று இருக்காதீர்கள். தங்கம் வாங்கிப் போகிறவர்கள், ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருந்தால் ஆண்களுக்கு 20 கிராம், பெண்களுக்கு 40 கிராம் நகை என்ற அளவை மனதில் வையுங்கள்.

திரும்பி வரும்போது பெட்டியை நீங்களே கட்டுங்கள். இதற்காகவே இந்தப் பதிவை எழுதலாம். எங்கள் இரண்டாவது பயணத்தில் மாமியார் கறிமசால் பொடி இரண்டு கிலோ அரைத்துக் கொடுத்தார். பெட்டி எடை பார்த்து, கயிறு போட்டுக் கட்டியாயிற்று. கிளம்பும் முதல் நாள் ராத்திரி சோறு போட்டுக்கொண்டே, "கொஞ்சம் கசகசாவும் சேர்த்து வறுத்தேன், குழம்பு கெட்டியா நிக்கும்" என்றார். எனக்குக் கையில் எடுத்த சோறு இறங்கவில்லை. கசகசா இந்த நாட்டில் போதைப்பொருள் கணக்கில் வருகிறது. தெரியாமல் கொண்டுவந்தேன் என்றால் எடுபடாது. கயிற்றை அவிழ்த்துப் பொட்டலத்தை வெளியே எடுத்தேன். மாமியாருக்கு முகம் வாடிப்போயிற்று, பேரனுக்கென்று அரைத்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இரண்டு பேரும் அடுப்பைப் பற்றவைத்து, மல்லி, மிளகாய், சீரகம், மிளகு, பட்டை என்று புதிதாக வறுத்தோம். பதினொன்றரைக்கு வீடெல்லாம் மசால் வாசம். இப்போதெல்லாம் அவரே அக்கம்பக்கத்தில், "துபாய் போறவங்களுக்குக் கசகசா குடுத்துராதீங்க" என்று சொல்கிறார். வெற்றிலை பாக்கும் வேண்டாம். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் மாதிரியான வலி மாத்திரை இருந்தால் அனுமதி வாங்காமல் கொண்டுவராதீர்கள். கொப்பரையும் வேண்டாம். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, மஞ்சள் பொடி, ஒப்பிட்டு, கச்சாயம் மாதிரிப் பலகாரம் எல்லாம் நாங்கள் சிரமமில்லாமல் கொண்டுவந்திருக்கிறோம்.

இங்கேயே இருக்கப் போகிறவர்களுக்கு இனி. லீவு விட்ட முதல் வாரம் கட்டிடமே காலியாகும். லிப்டில் ஆள் இருக்காது, கார் நிறுத்த இடம் தாராளமாகக் கிடைக்கும். அந்த அமைதி இரண்டாம் நாளே நெஞ்சை அழுத்தும். வீட்டுக்குள் முடங்காதீர்கள். இங்கே வெயில் தாழ்ந்து நடமாட முடிகிற மாதங்களில் டிசம்பர் ஒன்று. கிழக்குக் கடற்கரையில் இருக்கும் கோர்பக்கான் போய் மலையும் கடலும் பார்த்துவிட்டு ஒரே நாளில் திரும்பலாம். டிசம்பர் 2 இந்த நாட்டின் தேசிய தினம்; 1971இல் எமிரேட்டுகள் ஒன்று சேர்ந்த நாள். அன்று தெருவில் இறங்கி நின்று பாருங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கிறிஸ்துமஸுக்குக் கூட வேலை செய்கிற மலையாளி டீச்சரும் பிலிப்பைன்ஸ் டீச்சரும் கேக் கொண்டுவருவார்கள். நான் கச்சாயம் சுட்டுக் கொடுப்பேன்.

தீபாவளிக்குப் பட்டாசு பற்றி ஒரு தம்பி கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம் தம்பி. உரிமம் இல்லாமல் பட்டாசு வியாபாரம் செய்வதற்கோ கொண்டுவருவதற்கோ இங்கே சிறையும் ஒரு லட்சம் திர்ஹாமுக்குக் குறையாத அபராதமும் வரலாம். விளக்கு வையுங்கள், எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், பலகாரம் சுடுங்கள்.

இன்னொரு தங்கை கேட்டது: "அக்கா, பொங்கல் நோம்பியை ஃப்ளாட்டில் எப்படிக் கொண்டாடுவது?" பால்கனியில் அடுப்பு மூட்டாதீர்கள், கட்டிடக் காவலர் வந்துவிடுவார். சமையல்கட்டில் கேஸ் அடுப்பிலேயே பானையை வைத்துப் பொங்க வையுங்கள். ஷார்ஜா ரோலா பக்கம் நம்மூர்க் கடைகளில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வரும். கரும்பை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

பட்டிப் பொங்கலுக்கு, அதாவது மாட்டுப் பொங்கலுக்கு, நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். ஷார்ஜாவில் 2022 ஜனவரியிலிருந்து வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் லீவு. 2026இல் பொங்கல் வியாழக்கிழமை, மாட்டுப் பொங்கல் வெள்ளிக்கிழமை. எங்களுக்கு அந்த நாள் முழுசாகக் கிடைத்தது. ஊரில் சாயங்காலம் ஆறு மணி என்றால் இங்கே நாலரை. வீட்டுக்காரர் அகலமான தட்டில் பூந்தொட்டி மண்ணைக் குழைத்து, ஊரில் கன்று மிதித்துத் தாண்டுவதற்குக் கட்டுகிற மாதிரியே சின்னதாகத் தெப்பக்குளம் கட்டினார். நாலு பக்கமும் வரப்பு, உள்ளே தண்ணீர், ஆவாரம்பூவுக்குப் பதிலாக மஞ்சள் சாமந்தி. பையனுக்கு ஐந்து வயது. அவனுடைய பொம்மைக் கன்றுக்குட்டிக்குக் கழுத்தில் நூல் கட்டித் தயாராக நின்றான்.

போனில் மாமனார் மாட்டுப்பட்டிக்குள் நின்றுகொண்டிருந்தார். செவலைக் கன்று தெப்பக்குளத்தைக் கண்டதும் மிரண்டு பின்வாங்கியது. மாமா கயிற்றைத் தளர்த்தி, கழுத்தைத் தடவி, இரண்டு மூன்று தடவை சுற்றவிட்டார். நாலாவது தடவை ஒரே தாவில் தண்ணீரை மிதித்துக்கொண்டு ஓடியது. அங்கே எல்லோரும் "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று கத்தினார்கள். பையன் அதே நேரத்தில் தன் பொம்மையைத் தட்டில் போட்டு மிதிக்க வைத்தான். தண்ணீர் தரையெல்லாம் தெறித்தது. அவனும் கத்தினான். மாமா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "அங்கயும் கன்னு தாண்டிருச்சா?" என்று கேட்டார். "தாண்டிருச்சு அப்பாரு" என்றான்.

போகிக்கு வாசலில் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ செருகிக் காப்புக் கட்டுவதைப் பற்றியும் அந்தத் தங்கை கேட்டிருந்தார். பூளைப்பூவும் ஆவாரம்பூவும் எனக்கு இங்கே கிடைத்ததில்லை. வேப்ப மரம் நிறைய இருக்கிறது. தெருவோர மரத்தில் ஒடிக்காதீர்கள். தெரிந்தவர் வீட்டு வாசலில் நிற்கும் மரத்தில் கேட்டு வாங்குங்கள். போகி அன்று சாயங்காலம் நாங்கள் வேப்பிலையை மட்டும் ஒரு கொத்து நிலைவாசலில் செருகுகிறோம். எதிர் வீட்டுப் பாகிஸ்தானிக் குடும்பம் முதல் வருடம் எதற்கென்று கேட்டார்கள். போன வருடம் அவர்களுக்குத் தெரிந்த வீட்டு மரத்திலிருந்து அவர்களே ஒரு கொத்து ஒடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.