விசா முடிந்த தம்பி: பொதுமன்னிப்புக்குக் காத்திருப்பதா, இப்போதே திரும்புவதா?

கோத்தகிரி_இலை:
தம்பி விசிட் விசாவில் ஷார்ஜா போனான். விசா முடிந்து எட்டு மாதமாகிறது, கல்லிவல்லியாக, அதாவது முறையான அனுமதி இல்லாமல், கட்டிட வேலை பார்க்கிறான். ஏஜெண்டுக்குக் கொடுத்த ஒன்றரை லட்சம் வட்டிக்கு வாங்கியது, பச்சைத் தேயிலை போகிற விலைக்கு இங்கே எத்தனை வருஷம் பறித்தாலும் அடையாது. அமீரக அரசு அடுத்த பொதுமன்னிப்பு அறிவிக்கும் வரை இருக்கட்டும் என்கிறேன், அப்பா உடனே வரச் சொல்கிறார்.

பந்தலூர்_அக்கா:
அப்பா பக்கம்தான் நான். ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம். எட்டு மாதத்துக்கு ஏறக்குறைய 12,000 திர்ஹாம் ஆகிவிட்டது, நீங்கள் சொல்லும் கடன் அதற்குள் மூழ்கிவிடும்.

கோத்தகிரி_இலை:
அதனால்தான் அக்கா காத்திருக்கச் சொல்கிறேன். 2024 செப்டம்பரில் அறிவித்தபோது அபராதம் முழுக்கத் தள்ளுபடி, மறுபடி போகத் தடையும் இல்லை. இரண்டு மாதம் என்று சொன்னதை டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். இப்போது வந்தால் அந்தப் பணத்தை யார் கட்டுவது?

பந்தலூர்_அக்கா:
அதற்கு முந்தையது 2018. கொரோனா சமயத்தில் 2020-இல் செய்த தள்ளுபடியை விட்டால் நடுவில் ஆறு வருஷம்! என் வீட்டுக்காரரும் இப்படித்தான் காத்திருந்தார். மேஸ்திரி மூன்று மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டான், புகார் கொடுக்கப் போனால் தானே மாட்டுவோம் என்று இவர் வாயே திறக்கவில்லை. அப்புறம் மாமனார் தவறியபோது மூத்த பிள்ளை இவர், கொள்ளி வைக்க வர முடியாமல் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார். அதை இன்றுவரை அவர் யாரிடமும் பேசியதில்லை.

குன்னூர்_மூடுபனி:
நான் அங்கே பன்னிரண்டு வருஷம் இருந்தவன். அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 2024-இல் அபராதத்தை குறைந்தது ஒரு லட்சம், அதிகபட்சம் பத்து லட்சம் திர்ஹாம் என்று ஏற்றிவிட்டார்கள். இனி வேலை கொடுக்கவே பயப்படுவார்கள், கொடுப்பவனும் பாதிக் கூலிதான் தருவான். ஏஜெண்ட் வேலை விசா என்று ஏமாற்றி அனுப்பியிருந்தால் துபாயில் நம் துணைத் தூதரகத்தில் சொல்லுங்கள். தொழிலாளி மேல் தவறில்லை என்று தெரிந்தால், இந்திய சமூக நல நிதியிலிருந்து அபராதத்துக்கும் டிக்கெட்டுக்கும் உதவ வழி இருக்கிறது. பாஸ்போர்ட் தம்பி கையில் இருக்கிறதா?

கோத்தகிரி_இலை:
இல்லை அண்ணா, மேஸ்திரி வாங்கி வைத்திருக்கிறான்.

குன்னூர்_மூடுபனி:
அப்படி வாங்கி வைப்பதே அங்கே சட்டப்படி தவறு. பாஸ்போர்ட் கிடைக்காவிட்டால் ஊர் திரும்ப மட்டும் செல்லும் எமர்ஜென்சி சர்டிபிகேட் என்ற பயண ஆவணத்தைத் துணைத் தூதரகத்தில் தருவார்கள். நகல் வீட்டில் இருந்தால் இன்றே அனுப்பிவையுங்கள்.

கோத்தகிரி_இலை:
கடனைப் பற்றி நான் சொன்னது மாறவில்லை, அக்கா. ஆனால் ஏஜெண்ட் வேலை விசா என்றுதான் சொன்னான், அந்த வாட்ஸ்அப் பேச்சு அப்பா போனில் இருக்கிறது. நகலைத் தேடுகிறேன். ராத்திரி தம்பி கூப்பிடுவான், கேட்டுவிட்டு எழுதுகிறேன்.