பால் குடித்தால் வயிறு ஊதுகிறது: ஆட்டுப்பால் சரிவருமா?

கேள்வி (கீழக்கரை):
வாப்பாவுக்கு 58 வயது. கொஞ்ச நாளாகக் காலையில் ஒரு தம்ளர் பால் குடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் வயிறு ஊதி, கடமுடா என்று இரைந்து, தண்ணியாகப் போகிறது. தயிர்ச்சோறு ஒன்றும் செய்வதில்லை. நாட்டு மாட்டுப் பாலா, ஆட்டுப்பாலா, எதற்கு மாற்றலாம்? நோன்பும் வரப்போகிறது.

பதில் 1:
இரண்டும் வேலைக்காகாது. எந்த மாட்டுப் பாலிலும் 100 மில்லிக்கு ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ் (பாலில் இருக்கும் சர்க்கரை) உண்டு. ஆட்டுப்பாலில் கொஞ்சம்தான் குறைவு. சிறுகுடலில் லாக்டேஸ் நொதி போதாவிட்டால் அந்தச் சர்க்கரை உடையாமலே பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கே தண்ணீரை இழுக்கும், பாக்டீரியா அதைத் தின்று வாயுவைக் கிளப்பும். எவ்வளவு சுண்டக் காய்ச்சினாலும் லாக்டோஸ் அழியாது.

தயிரில் உறையிலுள்ள பாக்டீரியாவே பாதி வேலையைப் பார்க்கிறது. லாக்டோஸில் ஒரு பங்கை அமிலமாக்கி, மிச்சத்தைக் குடலுக்குள் உடைக்கவும் கைகொடுக்கும். மோர்க்குழம்பைக் கொதிக்கவிட்டால் அந்த பாக்டீரியா செத்துவிடும், பச்சை மோரே மேல். நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை. பயப்பட வேண்டியது பால்கோவாவுக்கும் பால்பவுடருக்கும்தான். பவுடரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாக்டோஸ்.

பாலை அடியோடு விடவும் தேவையில்லை. சாப்பாட்டோடு சேர்த்தால் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ் வரை பலருக்குத் தாங்கும். டீயில் விழும் 50 மில்லி பாலில் 2.5 கிராம்தான்.

பதில் 2:
நோன்புக் கஞ்சிக்குத் தேங்காய்ப்பால்தானே, அதில் லாக்டோஸ் கிடையாது. வெறும் வயிற்றில் ரோஸ்மில்க், பலூடா என்று இறங்கினால்தான் வம்பு. கஞ்சி குடித்து, சாப்பிட்ட பிறகு கொஞ்சமாகக் குடிக்கட்டும். லாக்டேஸ் மாத்திரை வாங்கினால் முதல் வாயோடு போட வேண்டும். வயிறு இரைய ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை.

தேங்காய்ப்பால் கால்சியத்துக்கு ஈடாகாது. முள்ளோடு தின்னும் நெத்திலி, கேப்பைக் கூழ், முருங்கைக் கீரை சேருங்கள். கருவாடு என்றால் உப்பு போக ஊறவைத்துக் கழுவுங்கள், பிரஷர் இருந்தால் பச்சை நெத்திலியே போதும்.

பதில் 3:
இரண்டு வாரம் பாலை நிறுத்திவிட்டு, அரைத் தம்ளர் கொடுத்துப் பாருங்கள். திரும்ப வந்தால் பால்தான் காரணமாக இருக்கும். வயிற்றுப்போக்கு நோய்க்குப் பிறகு தொடங்கியதென்றால் சில வாரங்களில் தானாகச் சரியாகலாம். தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வந்தால் அது பால் அலர்ஜி, தயிரும் கூடாது. இந்த வயதில் புதிதாக வந்திருப்பதால் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். மலத்தில் ரத்தம், எடை குறைவு, ராத்திரி எழுப்பும் வயிற்றுப்போக்கு இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.