ஒரே சமையல், இரு உடன்பிறந்தோர், இரு வேறு கொலஸ்ட்ரால்: மரபணுதான் காரணமா?

கேள்வி: தென்றல்

வணக்கம். அப்பாவுக்கு 49 வயதில் மாரடைப்பு வந்ததையடுத்து, நானும் என் தங்கையும் நெய், வெண்ணெய் போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பைக் கணிசமாகக் குறைத்து, 12 வாரங்கள் ஒரே அடுப்பில் சமைத்ததையே உண்டு வந்தோம். அவளுடைய எல்.டி.எல். (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) 148இலிருந்து 121 ஆகிவிட்டது. என்னுடையது 152இலிருந்து 147க்கு மட்டுமே வந்தது. ஒரே பெற்றோரின் பிள்ளைகளுக்குள் இத்தனை வேறுபாடு எப்படி வரும்? மரபணுப் பரிசோதனை செய்துகொண்டால் எனக்கு ஏற்ற உணவு எதுவென்று தெரிந்துவிடுமா? மூன்று மாதம் சிரத்தையுடன் இருந்தும் பலன் கிடைக்கவில்லையே என்று மனம் சோர்ந்திருப்பதால் கேட்கிறேன்.

பதில்: செம்பருத்தி

உடன்பிறந்தோர் சராசரியாகப் பாதி அளவே மரபணு வேறுபாடுகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதால், இத்தகைய வேறுபாடு வியப்புக்குரியது அன்று. இதில் அதிகம் ஆராயப்பட்டது, இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்துசெல்ல உதவும் ஏபோ-ஈ என்ற புரதத்துக்கான மரபணு. 299 அமினோ அமிலங்கள் கொண்ட அப்புரதத்தின் 112, 158 ஆகிய இரண்டே இடங்களில் சிஸ்டீன் இருக்கிறதா, ஆர்ஜினின் இருக்கிறதா என்பதைப் பொறுத்து ஈ2, ஈ3, ஈ4 என்ற மூன்று வடிவங்கள் அமைகின்றன. ஈ4 உள்ளவர்களுக்குப் பொதுவாக எல்.டி.எல். சற்றுக் கூடுதலாகவும் ஈ2 உள்ளவர்களுக்குக் குறைவாகவும் இருக்கும். இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.ஐ எடுத்துக்கொள்ளும் கல்லீரல் ஏற்பிகளை நிறைவுற்ற கொழுப்பு மந்தமாக்குவதால்தான் இரத்தத்தில் எல்.டி.எல். தேங்குகிறது, அக்கொழுப்பைக் குறைக்கும்போது ஈ4 உள்ளவர்களிடம் இறக்கம் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன, எல்லா ஆய்வுகளும் அல்ல.

குடலும் ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ஏ.பி.சி.ஜி.5, ஏ.பி.சி.ஜி.8 என்ற இரு மரபணுக்கள், குடல் செல்லுக்குள் வந்த கொலஸ்ட்ராலை மீண்டும் வெளியே தள்ளும் புரதங்களை உருவாக்குகின்றன. உடல் எவ்வளவு தூரம் ஈடுகட்டக்கூடும் என்பதற்கு, 1991இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான 88 வயது முதியவரின் கதை சான்று. ஆண்டுக்கணக்கில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 முட்டைகள் உண்டுவந்த அவருடைய கொலஸ்ட்ரால் இயல்பாகவே இருந்தது. உணவிலிருந்த கொலஸ்ட்ராலில் 18 விழுக்காட்டை மட்டுமே அவர் குடல் உறிஞ்சியது, ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட மற்றவர்களிடமோ அது சுமார் 55 விழுக்காடு. அவரைப் பின்பற்றலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை.

பதில்: ஆய்வகத் தோழன்

மரபணுவுக்குப் போகுமுன் எண்களைப் பார்த்துவிடுவோம். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். உணவில் எந்த மாற்றமும் செய்யாத ஒருவருக்கே எல்.டி.எல். அளவு ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை ஏறியிறங்குவது வழக்கம். உங்கள் தங்கையின் இறக்கம் 18 விழுக்காடு, ஆகவே அது பெரும்பாலும் மெய்யான மாற்றம். உங்களுடையது மூன்று விழுக்காடுதான். அதை வைத்து ‘பலன் இல்லை’ என்றோ ‘பலன் உண்டு’ என்றோ சொல்ல முடியாது. உண்மையான இறக்கம் பத்துப் புள்ளிகளாகவே இருந்திருக்கலாம்.

பல கூடங்களில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதில்லை, மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.ஐயும் (‘நல்ல’ கொலஸ்ட்ரால்), ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை இரத்தக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்கிடுகிறார்கள். ட்ரைகிளிசரைடு அதிகமாக இருந்தால், குறிப்பாக 400ஐத் தாண்டினால், அந்தக் கணக்கு பிழையாகிவிடும். ட்ரைகிளிசரைடு மிக உயர்ந்தவரின் இரத்த மாதிரி உள்ள சோதனைக் குழாயைச் சுழற்றி எடுத்தால், தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டிய சீரம் என்ற நீர்ப்பகுதி பால் போல வெளுத்திருக்கும். இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்தால் மேலே ஆடை படியும். ட்ரைகிளிசரைடை உடைக்கும் லைப்போபுரத லைப்பேஸ் என்ற நொதி பிறவியிலேயே செயலற்றுப் போன மிகச் சிலரிடம் இதைக் காணலாம். உணவுக் கொழுப்பை மிகக் கடுமையாகக் குறைக்காவிட்டால் அவர்களுக்குக் கணைய அழற்சி வரக்கூடும். மரபணு உணவை நேராக ஆணையிடுவது இப்படிப்பட்ட அரிய நிலைகளில்தான்.

பதில்: மருதம்

உணவு அட்டவணை ஒன்றைப் பெறுவதற்காக மட்டும் மரபணுப் பரிசோதனைக்குப் பணம் செலவிட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 2020இல் வெளியான, பெரும்பாலும் இரட்டையர்களை உட்படுத்திய பிரெடிக்ட் ஆய்வில், உணவுக்குப் பின் ட்ரைகிளிசரைடு எப்படி ஏறுகிறது என்பது ஆளுக்கு ஆள் மிகவும் மாறுபட்டது. ஆனால் அறியப்பட்ட மரபணு வேறுபாடுகள் அதில் ஒரு விழுக்காட்டைக்கூட விளக்கவில்லை. மேலும், ஏபோ-ஈ பரிசோதனை அல்சைமர் நோய்க்கான அபாயத்தையும் சேர்த்தே சொல்லிவிடும். கொலஸ்ட்ராலுக்காகக் கேட்டுவிட்டு அந்தச் செய்தியைச் சுமக்க நேர்ந்தவர்களை நான் அறிவேன்.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது உணவு அல்ல, அப்பாவின் 49 வயது. 55க்கு முன் தந்தைக்கு மாரடைப்பு வந்திருந்தால் மருத்துவர் அதை முக்கியமான குடும்ப வரலாறாக எடுத்துக்கொள்வார். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கும் குடும்ப வழி உயர் கொலஸ்ட்ராலில் எல்.டி.எல். பெரும்பாலும் 190ஐத் தாண்டியிருக்கும் என்பதால், 152 அதைச் சுட்டவில்லை. அப்பாவின் பழைய அறிக்கைகளைத் தேடிப் பாருங்கள். எல்.டி.எல். போலவே மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும் துகளான லிப்போபுரதம்-ஏ என்பதற்கான பரிசோதனையையும் மருத்துவரிடம் கேளுங்கள். அதன் அளவு பெரும்பாலும் மரபணுவாலேயே முடிவாகிறது, உணவால் ஏறத்தாழ அசையாது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே பெரும்பாலோருக்குப் போதும்.

பதில்: தென்றல்

அனைவருக்கும் மிக்க நன்றி. அப்பாவின் மருத்துவமனைக் கோப்பைத் தேடி எடுத்தேன், அவருடைய எல்.டி.எல். 171 என்றிருக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் இருவரும் மருத்துவரைப் பார்க்கிறோம். இதே உணவைத் தொடர்ந்து, அதே கூடத்தில், அதே காலை வேளையில் இன்னும் இருமுறை அளந்துவிட்டு எண்களை இங்கே பதிவிடுகிறேன்.